அத்தையை எந்த வரியில் எழுதுவது

புதன்கிழமை, மழை விடாத மதியம்

அன்புள்ள லிசெத்துக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம், புத்திக்கும் சுகமா என்று நீ கேட்டால் இந்த வீட்டில் ஆளுக்கு ஒரு பதில் வரும். நீ அங்கே வலென்சியாவில் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்தபடி உடுத்து, நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். முதலில் ஒரு கேள்வி. உன் ரோசால்பா அத்தை நிலையான செலவா, மாறும் செலவா? சிரிக்காதே, எனக்குப் பதில் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பல்கலைக்கழகத்தில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் அசையாமல் நிற்பது நிலையான செலவு, உற்பத்தியோடு ஏறி இறங்குவது மாறும் செலவு என்று. பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், பாஸாகிறார்கள், மறந்துவிட்டு வங்கியில் வேலைக்குச் சேர்கிறார்கள். ஆனால் உன் அத்தையிடம் வந்து என் படிப்பு நின்றுவிட்டது. கொய்யா வந்தாலும் வராவிட்டாலும் விடிவதற்கு முன் எழுந்து நம் கொய்யா மிட்டாய்ப் பட்டறைக் கதவைத் திறக்கிறாள், அதைப் பார்த்தால் நிலையானது. வேலை கூடினால் அவள் சத்தம் கூடுகிறது, வேலை குறைந்தால் என் சமையலில் குறை கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் கூடுகிறது, அதைப் பார்த்தால் மாறுவது. சம்பளம் என்று தேடினால் ஒன்றும் இல்லை, நம் மேசையில் சாப்பாடு, டிசம்பரில் ஒரு உடுப்பு, அதையும் அவளே கடைக்குப் போய் எடுத்து வருகிறாள். தாளில் அவளை எந்த வரியில் எழுதுவது என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்துவிட்டு, கடைசியில் எழுதாமலே விட்டுவிட்டேன்.

எந்தத் தாள் என்று கேட்பாய். உன் அப்பாவுக்கு இயந்திர ஆசை வந்திருக்கிறது. நாற்பது வயதில் மோட்டார் சைக்கிள் ஆசை வந்தது நினைவிருக்கும், அது இரண்டு விலா எலும்போடு தீர்ந்தது. இப்போது ஐம்பத்துமூன்று, அதனால் ஆசையும் கொஞ்சம் கனமாக, ஆயிரத்து இருநூறு கிலோவுக்கு வந்திருக்கிறது. சர்க்கரையில் காய்ச்சி வெட்டிய கொய்யாக்கட்டியை இலையில் கட்டாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தள்ளுகிற இயந்திரம், புகாரமங்கா நகரத்திலிருந்து டாக்டர் வில்மார் என்று ஒருவர் வந்து படம் காட்டினார். என்ன டாக்டர் என்று கேட்காதே, டை கட்டியிருந்தார், நம் ஊரில் அது போதும். முன் அறையில் உட்கார்ந்து நான் கொடுத்த காபியை ஆறவிட்டுவிட்டு, நிமிஷத்துக்கு எத்தனை கட்டி சுற்றும் என்று அவர் சொல்லச் சொல்ல உன் அப்பாவின் முகம், நீ பிறந்தபோதுகூட அப்படி மலரவில்லை, வருத்தப்படாதே. நான் ஒன்றே ஒன்று கேட்டேன், கொய்யா இல்லாத மாதத்தில் இது நிமிஷத்துக்கு எத்தனை சுற்றும் என்று. டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உன் அப்பாவிடம், "மேடம் நல்லா ஜோக் அடிக்கிறாங்க, எவேலியோ சார்" என்றார். நான் ஜோக் அடித்து நீ பார்த்திருக்கிறாயா?

பிறகுதான் வேடிக்கை. டாக்டர் ஒரு தாளை விரித்து, இலையில் கட்டுகிற முறைக்கு இன்ன செலவு, இயந்திர முறைக்கு இன்ன செலவு என்று இரண்டு பத்தியாகக் காட்டினார். இலைப் பத்தியில் எல்லாம் மாறும் செலவு, காய்ந்த பிஹாவோ இலை, கட்டுகிற பெண்களின் கூலி. இயந்திரப் பத்தியில் பெரும்பகுதி நிலையான செலவு, மாதத் தவணை, பராமரிப்பு ஒப்பந்தம், அதை ஓட்ட ஒரு ஆள். நிலையான செலவுக்குக் கணக்கில் நாங்கள் வைத்திருக்கிற பெயர் 'ஃபீஹோ'. நம் ஊரில் ஃபீஹோ என்று யார் எப்போது சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். நாளைக்கு வருவீர்களா என்றால் ஃபீஹோ, கூரை ஒழுகாதா என்றால் ஃபீஹோ. நிச்சயம், சத்தியம், சந்தேகமே வேண்டாம் என்று அர்த்தம். உன் அப்பா அந்த அர்த்தத்திலேயே படித்துவிட்டார். டாக்டர் போனதும் என்னிடம் வந்து, "புரொஃபசரம்மா, நீயே பாரு, மெஷின் செலவு ஃபீஹோ. நிச்சயமா இவ்வளவுதான்னு தெரிஞ்சுபோச்சு. இலை செலவு என்னன்னா மாறுமாம். மாறுற செலவை நம்பி எவனாவது தொழில் பண்ணுவானா?" என்று கேட்டார். நம்ப முடியாமல் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் விளக்கினார், இலை கட்டுகிற மார்லெனி ஒருநாள் வருகிறாள், ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்கிறாள், இலைக்காரன் மழை என்றால் வருவதே இல்லை, அதுதானே மாறும் செலவு, தவணை மட்டும் மழையானாலும் வெயிலானாலும் தேதி தவறாமல் வரும் என்று. அதைத்தான் நானும் சொல்கிறேன் எவேலியோ, தேதி தவறாமல் வரும் என்றேன். "ஆங், இப்ப புரிஞ்சுதா உனக்கு" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார். இருபத்தாறு வருடத்தில் என் தொழிலைப் பற்றி அவர் கருத்துச் சொன்னது இதுதான் முதல் தடவை.

சரி, சண்டை போடுவதற்குப் பதில் கணக்குப் போடலாம் என்று நானே ஒரு தாள் எடுத்தேன். இது உனக்கு அலுப்பாக இருக்கும், ஆனாலும் படி, உன் மாடி அறையும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். இலையில் கட்டினால் ஒரு பெட்டிக்கு இலையும் கூலியுமாக ஒன்பதாயிரம் பேசோ. இயந்திரத்தில் தாளும் மின்சாரமுமாக இரண்டாயிரம். இதோடு நிறுத்தினால் உன் அப்பா மேதை. ஆனால் இயந்திரம் ஒரு பெட்டி சுற்றினாலும் சும்மா நின்றாலும் மாதம் நாற்பத்திரண்டு லட்சம் கேட்கும். ஒரு பெட்டிக்கு ஏழாயிரம் மிச்சம் பிடித்து நாற்பத்திரண்டு லட்சத்தை அடைக்க மாதம் அறுநூறு பெட்டி வேண்டும். அறுவடை மாதங்கள் நான்கு, அதில் தொள்ளாயிரம் பெட்டி போடுகிறோம், இயந்திரம் வெல்கிறது, நான் மறுக்கவில்லை. மீதி எட்டு மாதம் இருநூற்றைம்பது பெட்டி, அப்போது அது முன் அறையில் நிற்கிற சித்தப்பா மாதிரி, ஒன்றும் செய்யாது, சாப்பிட மட்டும் செய்யும். வருடம் முழுக்கக் கூட்டினால் இலைக்கு ஐந்து கோடியே நான்கு லட்சம், இயந்திரத்துக்கு ஆறு கோடியே பதினாறு லட்சம். வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேல் நஷ்டப்பட்டுப் பிளாஸ்டிக் வாங்கப்போகிறோம்.

உன் அப்பா இதைப் பார்த்துவிட்டு, எட்டு மாதமும் தொள்ளாயிரம் பெட்டி போட்டால் போச்சு என்றார். கொய்யா எங்கிருந்து வரும் என்றேன். மரத்திலிருந்து என்றார். நம் பக்கத்துக் கொய்யா மரத்தை யாரும் நட்டதில்லை, மாடு மேய்கிற புல்வெளியில் தானாக முளைத்தது, அது தனக்குத் தோன்றுகிறபோதுதான் காய்க்கும், காய்த்ததில் பாதியை மாடு தின்னும். ஆக நம் தொழிலின் போட்டி நிறுவனம் புல்வெளிக்காரர் ஒலார்த்தே வீட்டு மாடுகள், அவற்றுக்குத் தவணை இல்லை. இதைச் சொன்னதும் உன் அப்பா கோபித்துக்கொண்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை, வீடு நன்றாக இருந்தது.

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியே இருக்க மாட்டேன். கடனுக்கு வங்கி ஈடு கேட்கிறது. நம்மிடம் ஈடு என்று இருப்பது இந்த வீடும் அதை ஒட்டிய பட்டறையும்தான். கீழ் வீடு உன் அப்பாவுக்கும் அத்தைக்கும் வாரிசுச் சொத்தாக வந்தது, மேல் மாடி என் சம்பளத்தில் கட்டியது, எனவே மூன்று கையெழுத்து வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு நோட்டரி அலுவலகத்தில் மூன்று பேரும் உட்கார வேண்டும், டாக்டரும் வருகிறார், பேனா அவருடையதாம். நான் போட மாட்டேன் என்று உன் அப்பாவிடம் இன்னும் வாயால் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், அத்தையே போட மாட்டாள் என்று நான் நம்புவதுதான். இலை மேசை அவளுடையது. பன்னிரண்டு பெண்களை அவள்தான் பழக்கினாள், அவள் உட்காருகிற நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இயந்திரம் வந்தால் முதலில் போவது அந்த மேசைதான். அவள் 'முடியாது' என்று சொன்னால் உன் அப்பாவுக்கு அக்கா சொல் தட்ட முடியாது, எனக்கும் என் கணக்குத் தாளை நோட்டரி முன்னால் விரிக்கிற அவமானம் மிச்சம். இப்படி ஒருத்தி பின்னால் ஒருத்தி ஒளிந்துகொண்டு நியாயம் பேசுவது நன்றாக இல்லைதான், ஆனால் இந்த வீட்டில் வேறு வழி இருந்தால் நீ சொல்.

பட்டறையில் இதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நேற்று நான் உள்ளே போனபோது மார்லெனி இலையை மடித்துக்கொண்டே, உன் அப்பா காதில் விழட்டும் என்றுதான், "எவேலியோண்ணே, அந்த மெஷினுக்கு மத்தியானம் சூப்பு யாரு ஊத்துவா? ரோசால்பாக்காவா?" என்றாள். இன்னொருத்தி, "அதுக்கு சூப்பு வேணாம்டி, அது எண்ணெய் குடிக்கும், எண்ணெய் குடிச்சுட்டு அண்ணனுக்கு ஐ லவ் யூ சொல்லும்" என்றாள். மேசையே குலுங்கிச் சிரித்தது. உன் அப்பா காது சிவந்துபோய், "உங்களை ஒண்ணும் தெருவுல விட்டுட மாட்டேன், ஃபீஹோ" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை மட்டும் தலை நிமிரவே இல்லை, கட்டியை இலையில் வைத்து நான்கு பக்கமும் மடித்து நாரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு சோகத்தை அடக்குகிறாள் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி உன் விஷயம். நம் ஊர் யானெத் வெள்ளிக்கிழமை மாட்ரிட் விமானத்தில் அங்கே வருகிறாள், அவள் கையில் இந்தக் கடிதமும் இரண்டு பெட்டி கொய்யாக்கட்டியும் கொடுத்தனுப்புகிறேன். குரல் செய்தி அனுப்பலாமே என்று கேட்காதே, நான் பேச ஆரம்பித்தால் உன் அப்பா குறுக்கே வந்து வானிலை சொல்கிறார். கட்டியைக் குளிர்பெட்டியில் வைக்காதே, இலையை முன்கூட்டியே பிரிக்காதே, பாலாடைக்கட்டியோடு சாப்பிடு, அங்கே கிடைக்கிற பாலாடைக்கட்டி நாற்றம் பிடித்ததாக இருந்தால் கட்டியை மட்டும் சாப்பிடு. உன்னோடு தங்கியிருக்கிற அந்தப் பையன் அனுப்பிய படத்தைப் பார்த்தேன், அடுப்புக்கு முன்னால் கரண்டியோடு நிற்கிறான். நின்றது சமையலுக்கா படத்துக்கா என்று அடுத்த தடவை எழுது, அடுப்பு எரிகிற மாதிரித் தெரியவில்லை. வாடகை ஒப்பந்தத்தில் உன் பெயர் மட்டும் இருக்கிறதா, இருவர் பெயருமா என்று பார். உன் பெயர் மட்டும் என்றால் அவன் உனக்கு எந்த வகைச் செலவு என்று நீயே போட்டுப் பார்க்கலாம், நீ என் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினவள். மழையில் நனையாதே, வேலை இடத்தில் மேலாளர் சொன்னார் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமையும் போகாதே. கன்னிமரி உன்னைக் காக்கட்டும், அவளுக்கு நேரம் இல்லாவிட்டால் நீயே உன்னைக் காத்துக்கொள். நன்றாக இரு மகளே, உன் கையால் ஆனது எல்லாம் உனக்கு விளங்கட்டும்.

உன் அம்மா,
அலெய்தா

வியாழன் மாலை

உறையை ஒட்டிவிட்டிருந்தேன், பிரித்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி வைக்கிறேன்.

நோட்டரி அலுவலகத்துக்கு அத்தை எங்களுக்கு முன்னால் வந்திருந்தாள். மாதா கோயிலுக்குப் போடுகிற செருப்பு போட்டிருந்தாள். உன் அப்பா சட்டைப் பையில் புதுக் கைக்குட்டை வைத்திருந்தார், அவள் அழுவாள் என்றுதான். டாக்டர் தாளை நீட்டினார், ஒரு வரிகூடப் படிக்காமல் "எங்க போடணும்?" என்று கேட்டாள். காட்டிய இடத்தில் ரோசால்பா மாத்தெயுஸ் என்று முழுப் பெயரும் எழுதிப் பேனாவை மூடி வைத்தாள். உன் அப்பா, "அக்கா, மெஷின் வந்தா இலை மேசை இருக்காதுங்க" என்றார், அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்திருப்பார். அவள், "தெரியும் தம்பி. அதுக்குத்தான் போட்டேன். முப்பத்தொரு வருஷமா அந்த இலை வாசம், தூங்கும்போதும் கையில இருக்கு. மெஷின் வரட்டும், நான் புகாரமங்கா போயி கால நீட்டி உக்காரணும்" என்றாள். சோகம் என்று நான் நினைத்தது அலுப்பு.

உன் அப்பா வெளுத்துப்போனார். மெஷின் வர நான்கு மாதம் ஆகுமே அக்கா, அதற்குள் அறுவடை வந்துவிடுமே என்றார். "அதுவரைக்கும் இருக்கணும்னா சம்பளம் குடு" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயில் இதுவரை நான் கேட்டதில்லை. எவ்வளவு என்று கேட்டார். ஊரில் ஒரு மேற்பார்வையாளருக்குக் கொடுக்கிறதுதான், மாதம் இருபது லட்சம், காப்பீட்டோடு. மெஷின் வராமல் போனாலும் அதே தொகைதான், இல்லாவிட்டால் இன்றைக்கே கிளம்புகிறேன் என்றாள். நோட்டரியின் உதவியாளன் எங்களுக்குக் கொடுத்த வரிசை எண் சீட்டின் பின்னால் நான் கூட்டிப் பார்த்தேன், கை தானாகப் போட்டது. இலை முறையோடு வருடத்துக்கு இரண்டு கோடியே நாற்பது லட்சம் சேர்ந்தால் ஏழு கோடியே நாற்பத்துநான்கு லட்சம். அவள் இல்லாத இயந்திரம் ஆறு கோடியே பதினாறு லட்சம். ஆக இயந்திரம்தான் மலிவு, ஒரு கோடிக்கு மேல் மலிவு. நான் எழுதாமல் விட்ட ஒரு வரியின் மேல்தான் என் கணக்கு முழுவதும் நின்றிருந்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை, உரக்கவே சொன்னேன். டாக்டர், "பாத்தீங்களா, மேடமே ஒத்துக்கிட்டாங்க" என்று பேனாவைத் திறந்து உன் அப்பா கையில் கொடுத்தார்.

உன் அப்பா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். ஜெயித்த ஆள் முகம் அப்படி இருக்காது. பிறகு பேனாவை டாக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "காபி குடிக்கிறீங்களா அக்கா?" என்றார். அவள், வேண்டாம், சம்பள விஷயத்துக்கு நீ திங்கட்கிழமைக்குள் பதில் சொல், மெஷினா மேசையா என்பது எனக்கு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். நானும் போடவில்லை, போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மூன்று கையெழுத்தில் ஒன்றுதான் அந்தத் தாளில் இருக்கிறது, அது போக விரும்புகிறவளுடையது. டாக்டர் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றார்.

மத்தியானம் பட்டறையில் அத்தை ஊற்றுகிற சூப்பு இல்லை. பெண்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தாமதமாக வந்தார்கள். வெட்டி வைத்த கட்டி காய்ந்துகொண்டிருந்தது என்று உன் அப்பா அத்தையின் நாற்காலியில் உட்கார்ந்து தானே இலை மடிக்க ஆரம்பித்தார். அவர் கட்டி வைத்ததை மார்லெனி அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி அடுத்த இலையை எடுத்தார்.

ஆறு மணிக்கு அத்தை வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், கையில் ஐஸ்கிரீம் கடைக் காகிதக் கைக்குட்டை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் தன் இடத்தில் உட்கார்ந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள். நானும் உன் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் சமைத்திருக்கவில்லை.